மறைநூலைத் திறப்போம், மனத்தைத் திறப்போம்



நம் இல்லங்களில் திருவிவிலியம் எங்கே இருக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, மெழுகுதிரிக்கும் செபமாலைப் பெட்டிக்கும் நடுவில் இருக்கும். புதுநன்மை வாங்கிய நாளில் ஞானத்தாய் பரிசாகத் தந்ததாக இருக்கும். உறை அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கும். சனிக்கிழமை வீடு துடைக்கும்போது அதிலுள்ள தூசியைத் தட்டி, முத்தி செய்து, மீண்டும் அதே இடத்தில் வைத்துவிடுகிறோம். மரியாதையில் குறை ஒன்றுமில்லை.

ஆனால் வெளிநாட்டில் உழைக்கும் ஒரு தந்தை தம் மகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலேயே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, நாள்தோறும் பூ வைக்கிறாள். அந்தத் தந்தை மகிழ்வாரா? "அம்மா, உள்ளே என்ன எழுதியிருந்தேன் என்று பார்த்தாயா?" என்றுதானே கேட்பார்!

மறைநூலைத் தனியாக வாசிப்பது எப்படி, வாசித்ததை அன்றாட வாழ்வோடு இணைப்பது எப்படி என்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்ட சிலவற்றை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல; பத்தாம் வகுப்பு மாணவி. சொல்வதில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மறைநூலைப் பற்றிச் சில செய்திகள்

'விவிலியம்' என்னும் சொல், 'நூல்கள்' என்று பொருள்படும் 'பிப்லியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கேற்ப அது ஒரு நூல் அன்று, ஒரு நூலகம். கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலியத்தில் பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 73 நூல்கள் இருக்கின்றன. வரலாறு, சட்டம், பாடல், பழமொழி, இறைவாக்கு, உவமை, கடிதம் என்று பலவகை எழுத்துகள் அவற்றில் உள்ளன. ஆகவே பாடலைப் பாடலாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் வாசிக்க வேண்டும். உவமையைச் செய்தித்தாள் செய்திபோல் வாசித்தால் பொருள் மாறிவிடும்.

தமிழராகிய நாம் இதில் பேறு பெற்றவர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அவ்வூரிலேயே அச்சாகி வெளிவந்தது. இன்று நம் கைகளில் இருக்கும் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1995இல் வெளிவந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் நாள் இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மறைநூல் எல்லா விசுவாசிகளுக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றும், வாசிப்போடு செபமும் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் அந்த ஏடு வலியுறுத்துகிறது. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், புனித எரோணிமுஸ் திருநாளன்று, பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார்.

நூல் இருக்கிறது, தாய்மொழியில் இருக்கிறது, திருச்சபைத் தாயும் "வாசி" என்கிறாள். பிறகு குறை எங்கே? வாசிக்கும் நம்மிடத்தில்தான். மற்றவர் குறையை எடுத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆகவே என் குறையையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன்.

அறிந்தேன், ஆனால் வாசிக்கவில்லை

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மறைவட்ட அளவில் விவிலிய வினாடி வினாப் போட்டி நடந்தது. லூக்கா நற்செய்தியின் 24 அதிகாரங்களும் பாடம். நான் இரவு பகலாகப் படித்தேன். கோவிலில் இருந்த அன்னாவின் வயது என்ன? சக்கேயு ஏறிய மரம் எது? எருசலேமிலிருந்து எம்மாவு எவ்வளவு தூரம்? எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வகுப்பில் கணக்குத் தேர்வு நடந்தது. நான்காவது கணக்கு எனக்கு வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் "4 விடை?" என்று எழுதிப் பக்கத்தில் இருந்த தோழியின் பக்கம் தள்ளினேன். அவள் அதைத் தொடவே இல்லை. தாள் அவள் காலடியில் விழுந்தது. ஆசிரியை அதைக் கண்டு எடுத்து, "இது யாருடையது?" என்று கேட்டார்கள். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் விடைத்தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வாய் திறக்காமல் நின்றாள். ஆசிரியை அவள் விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் பூஜ்யம். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரும்படியும் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து நான் போட்டி மேடையில் இருந்தேன். "பேதுரு இயேசுவைத் தமக்குத் தெரியாது என்று எத்தனை முறை சொன்னார்?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும் முந்தி நான் கையைத் தூக்கி, "மூன்று முறை" என்றேன். கைதட்டினார்கள். எனக்கு இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா கிடைத்தது. என் மனம் அப்போதுகூட என்னைக் குத்தவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பேதுரு எனக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதான்.

அம்மாச்சியின் கேள்வி

அந்த ஆண்டு தவக்காலத்தில் என் அம்மாச்சி ஊரிலிருந்து எங்கள் வீட்டிற்கு வந்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எழுத்துத் தெரியாமல் போயிருந்தது. அம்மாச்சி அதிகம் படித்தவர்கள் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆனால் நாள் தவறாமல் நற்செய்தி வாசிக்கும் வழக்கம் உடையவர்கள். அது நின்றுபோனதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம். "எனக்குத் தெனம் ஒரு பத்தி வாசி தாயி" என்று கேட்டார்கள். போட்டியில் பரிசு வாங்கியவள் நான், மறுக்க முடியுமா? இரவு குடும்பச் செபம் முடிந்ததும் வாசிக்கத் தொடங்கினேன்.

வானொலிச் செய்தி போல வேகமாக வாசிப்பேன். அம்மாச்சி என் கையைத் தொட்டு, "மெதுவா தாயி. வண்டி புடிக்கவா போறோம்?" என்பார்கள். வாசித்து முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி. "சரி, கேட்டுட்டோம். நாளைக்கு நாம என்ன செய்யப் போறோம்?"

முதலில் எனக்கு அது சிறுபிள்ளைக் கேள்வியாகத் தோன்றியது. ஆனால் அம்மாச்சி தமக்கும் சேர்த்துத்தான் அதைக் கேட்டார்கள். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனின் உவமையை ஒருநாள் வாசித்தேன். அம்மாச்சி வெகு நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நாளைக்கு உன் பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் குடு" என்றார்கள். நிலம் பிரித்த விஷயத்தில் பெரியம்மாவும் அம்மாச்சியும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் நான் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்பதுதான் அம்மாச்சி சொன்ன முதல் சொல். அந்தப் பக்கம் பெரியம்மா அழுதது எனக்கும் கேட்டது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் எத்தனை உவமைகள் என்று கேட்டால் நான் உடனே சொல்லிவிடுவேன். ஆனால் அம்மாச்சி அந்த அதிகாரத்தை வாசித்த விதம் வேறு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பாடுகளின் பகுதிக்கு வந்தோம். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் பேதுரு மறுதலித்த பகுதி. தெரிந்த பகுதிதானே என்று வாசித்துக்கொண்டே போனேன். அம்மாச்சி நிறுத்தினார்கள். அவர்கள் இன்னும் பழைய வழக்கப்படி பேதுருவை இராயப்பர் என்றுதான் சொல்வார்கள். "ஆண்டவரு இராயப்பரைத் திரும்பிப் பாத்தாருன்னு இருக்குதே தாயி, எப்படிப் பாத்திருப்பாரு? கோவமாவா பாத்திருப்பாரு?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. என் கண்முன் வந்தது என் தோழியின் முகம். காலடியில் தாள் கிடக்க, அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை. அதில் கோபம் இருக்கவில்லை. "நீ சொல்வாய் அல்லவா?" என்ற நம்பிக்கைதான் இருந்தது.

அம்மாச்சி வழக்கம்போல், "நாளைக்கு என்ன செய்யப் போறோம்?" என்றார்கள். "தூக்கம் வருது அம்மாச்சி" என்று சொல்லி நூலை மூடிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

வாசிக்கும் முறை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் குய்கோ என்னும் கர்த்தூசியன் துறவி, மறைநூல் வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணிக்கு ஒப்பிட்டார். வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் அமைதியாய் இளைப்பாறுதல் ஆகியவையே அந்த நான்கு படிகள். இவற்றை ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் காலையில்தான் முதன்முறையாக அந்த ஏணியில் கால் வைத்தேன்.

முதற்படி வாசித்தல். எழுதியிருப்பதை மெதுவாக, எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். இந்த நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆண்டவர் திரும்பிப் பார்த்ததை லூக்கா மட்டுமே சொல்கிறார். பேதுரு குளிர்காய்ந்த நெருப்பு கரிநெருப்பு என்பதை யோவான் சொல்கிறார். அதே யோவான், 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடர்களுக்கு உணவு தந்ததையும், பேதுருவிடம் அன்பைப் பற்றி மூன்று முறை கேட்டதையும் எழுதுகிறார். மறுத்த இடத்திலும் கரிநெருப்பு, மன்னித்த இடத்திலும் கரிநெருப்பு. மறுத்ததும் மூன்று முறை, கேட்டதும் மூன்று முறை. இத்தனை நாள் மனப்பாடம் செய்தும் இது என் கண்ணில் பட்டதில்லை.

இரண்டாம் படி தியானித்தல். இந்தப் பகுதியில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பேதுரு யாரையும் அடிக்கவில்லை. ஆண்டவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லப் போகவில்லை. தமக்கு ஆபத்து வரக் கூடாது என்று மட்டும் எண்ணினார். நெருப்பருகே பத்திரமாகக் குளிர்காய விரும்பினார். நானும் அப்படித்தான். தோழி தண்டனை பெற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் பெயர் கெடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். ஆனால் என் மௌனத்தின் விலையை அவள் கொடுத்தாள்.

மூன்றாம் படி செபித்தல். செபப் புத்தகத்திலுள்ள அழகிய செபங்கள் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் எல்லாரும் என்னைக் கேவலமாக நினைப்பார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. துணிவு தாரும்" என்று சொன்னேன். அவ்வளவுதான் என் செபம்.

நான்காம் படி இறைவனில் இளைப்பாறுதல். இதைப் பற்றிப் பேச எனக்கு வயதும் அனுபவமும் போதாது. ஒன்று மட்டும் சொல்வேன். செபித்தபின் உடனே எழுந்து ஓடாமல் சிறிது நேரம் சும்மா இருந்தேன். ஆண்டவர் பேதுருவைப் பார்த்ததுபோல் என்னையும் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். பயம் போய்விடவில்லை, ஆனால் பயத்தோடு நான் தனியாக இல்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் ஆண்டவரின் வார்த்தையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், இந்த வாசிப்பு செயலில் வந்து முடியாதவரை நிறைவு பெறுவதில்லை என்று கற்பிக்கிறார். படிக்காத அம்மாச்சி கேட்ட கேள்வியும் படித்த திருத்தந்தையின் போதனையும் ஒன்றாக இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது!

செயலில் வைத்தபோது

நான் உடனே வீராங்கனை ஆகிவிடவில்லை. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் நின்று ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். "பயம், டீச்சர்" என்றேன். அவர்கள் திட்டவில்லை. "வகுப்பில் நடந்ததை வகுப்பில்தான் சரிசெய்ய வேண்டும்" என்றார்கள். மறுநாள் எல்லார் முன்னும் நானே எழுந்து சொன்னேன். தோழியின் மதிப்பெண் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்குப் பூஜ்யம். வகுப்புத் தலைவிப் பொறுப்பும் என்னிடமிருந்து போயிற்று.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "நீயே சொல்லுவேன்னு அன்னைக்கு முழுக்கக் காத்துக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பின் அவள் என்னிடம் பேசப் பல வாரங்கள் ஆயின. இப்போது பேசுகிறாள். ஆனால் முன்போல் ஒரே பெஞ்சில் நாங்கள் உட்காருவதில்லை. மறைநூல்படி நடந்தால் எல்லாம் உடனே நன்றாக முடிந்துவிடும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். உடைந்தது சேர நாளாகும். ஆனால் சேர்வதற்கு வழி திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தோழி கிறிஸ்தவள் அல்ல. அவள் விவிலியத்தைத் திறந்ததும் இல்லை. ஆயினும் பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்று, வாய் திறவாமல் நின்றவள் அவள்தான். லூக்கா நற்செய்தியை முழுவதும் மனப்பாடம் செய்த நான் குனிந்துகொண்டேன். நம் பள்ளியில் பல சமயத்துத் தோழியர் நம்மோடு படிக்கிறார்கள். அவர்கள் நம் கையிலுள்ள விவிலியத்தை வாசிக்காமல் இருக்கலாம். நம் நடத்தையை நாள்தோறும் வாசிக்கிறார்கள்.

நடந்ததை அம்மாச்சியிடம் சொன்னேன். அவர்கள் என்னைக் கண்டிக்கவும் இல்லை, புகழவும் இல்லை. என் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, "இராயப்பரும் அழுதாரு. அழுதுட்டு ஓடிப்போயிரல தாயி, ஆண்டவருகிட்டயே திரும்பி வந்தாரு. இன்னைக்கு அதை வாசி" என்றார்கள். அன்று யோவான் 21ஆம் அதிகாரம் வாசித்தோம்.

புனிதர்கள் வாசித்த விதம்

புனிதர்களும் மறைநூலைத் தங்களுக்கே எழுதியதாக எண்ணித்தான் வாசித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் வாழ்ந்த புனித அந்தோனியார், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஆண்டவர் செல்வனான ஒருவனிடம் சொன்ன பகுதியைக் கோவிலில் கேட்டார். அது தமக்கே சொன்னது என்று உணர்ந்து அப்படியே செய்தார். புனித அகுஸ்தீனார் 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் கலங்கி அழுதுகொண்டிருந்தபோது, ஒரு குழந்தையின் குரல் கேட்டு, பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்து ஒரு பகுதியை வாசித்தார். அதன்பின் அவர் வாழ்வே மாறியது.

நமக்கு மிகவும் நெருக்கமானவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசாள். 1888இல் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் அவர் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. அதாவது நம் வயது! முழு விவிலியமும் அவர் கையில் இருக்கவில்லை. அக்காள் செலின் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் அவருக்குத் துணையாயின. நற்செய்திகளைத் தம் நெஞ்சோடு சேர்த்து எப்போதும் வைத்திருந்தார். 1896இல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12, 13ஆம் அதிகாரங்களை வாசித்து, அன்பு செய்வதே தம் அழைத்தல் என்று கண்டுகொண்டார். முழு நூலும் அலமாரியில் இருந்தும் திறக்காத நம்மை அவர் என்ன நினைப்பார்?

எல்லாருக்கும் மேலாக நம் அன்னை மரியா இருக்கிறார். நடந்தவற்றை அவர் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா இரண்டு இடங்களில் சொல்கிறார். எலிசபெத்தின் வீட்டில் அன்னை பாடிய பாடலையும் சாமுவேல் முதல் நூல் 2ஆம் அதிகாரத்திலுள்ள அன்னாவின் செபத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மறைநூல் அன்னையின் உள்ளத்தில் எவ்வளவு ஊறியிருந்தது என்பது விளங்கும்.

நாம் செய்யும் தவறுகள்

ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் குறி கேட்பதுபோல் எடுத்துக்கொள்வது. தேர்வுக் காலத்தில் இது நம்மிடையே அதிகம்! மறைநூல் சோதிடப் புத்தகம் அன்று.

இரண்டு: ஆறுதல் தரும் வசனங்களை மட்டும் பொறுக்கி எடுப்பது. கைப்பேசியில் நாள்தோறும் ஒரு வசனம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்த வசனத்திற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். நம்மைக் கடிந்துகொள்ளும் பகுதிகளும் இறைவார்த்தைதான்.

மூன்று: பிறருக்காக வாசிப்பது. "இது பக்கத்து வீட்டு அக்காளுக்கு நன்றாகப் பொருந்தும்" என்று எண்ணிக்கொண்டு வாசிப்பதில் நாம் வல்லவர்கள். முதலில் நமக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

நான்கு: விளங்காத இடம் வந்ததும் நூலை மூடிவிடுவது, அல்லது நாமே மனம்போனபடி பொருள் சொல்வது. அடிக்குறிப்புகளைப் பார்க்கலாம், அருட்சகோதரிகளிடமும் பங்குத்தந்தையிடமும் கேட்கலாம். புனித எரோணிமுஸ் பெத்லகேமில் தங்கி, எபிரேய மொழி அறிந்தவர்களின் உதவியோடு, பழைய ஏற்பாட்டை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அவ்வளவு பெரிய அறிஞரே பிறரிடம் கேட்டுக் கற்றார் என்றால் நாம் கேட்பதில் வெட்கம் என்ன?

தோழியருக்குச் சில வழிகள்

பத்தாம் வகுப்பில் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே தேர்வுதான்! பத்து நிமிடம் போதும். எழுந்தவுடனோ, இரவுச் செபத்திற்குப் பின்னோ ஒரே வேளையை முடிவு செய்துகொள்ளுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

முதன்முறை வாசிப்பவர்கள் தொடக்கநூலில் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவதைவிட, நற்செய்திகளில் மிகச் சிறியதான மாற்கு நற்செய்தியில் தொடங்கலாம். அதில் 16 அதிகாரங்களே உள்ளன. லூக்காவில் 24 அதிகாரங்கள். டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்தால் கிறிஸ்துமஸ் முந்தின நாள் முடியும். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள்; மாதத்தின் நாளுக்கு ஒன்றாக வாசிக்கலாம். ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை இரவே வீட்டில் வாசித்துவிட்டுப் போனால், திருப்பலியில் மறையுரை நன்றாக மனத்தில் பதியும்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாள், பகுதி, 'இன்று நான் செய்ய வேண்டியது' ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். பெரிய தீர்மானங்கள் வேண்டாம். 'எல்லாரையும் அன்பு செய்வேன்' என்று எழுதினால் யாரையும் அன்பு செய்யாமல் தப்பித்துவிடலாம். 'தம்பியிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பேன்', 'அம்மா கேட்கும் முன்பே தண்ணீர் பிடித்து வைப்பேன்', 'தனியாகச் சாப்பிடும் புது மாணவியை அழைப்பேன்' என்று எழுதுங்கள். மறுநாள் வாசிக்கும் முன் நேற்று எழுதியதைச் செய்தோமா என்று பாருங்கள். என் நோட்டில் செய்யாமல் விட்டவைதான் அதிகம். ஆனாலும் எழுதுகிறேன்.

பெற்றோருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். பிள்ளைகளை "விவிலியம் படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்களோடு அமர்ந்து வாசியுங்கள். அம்மாச்சி பெரியம்மாவோடு பேசியதை நான் பார்த்திராவிட்டால், நான் ஆசிரியையிடம் போயிருக்க மாட்டேன்.

முடிவாக

இப்போது அம்மாச்சிக்கு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆகி, பார்வை திரும்பியிருக்கிறது. தாமாகவே எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். ஆனாலும் நான் ஊருக்குப் போனால் நூலை என் கையில் கொடுத்து, "நீ வாசி தாயி" என்பார்கள். வாசித்து முடித்ததும் அதே கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். முன்பு அந்தக் கேள்விக்குப் பயந்தேன். இப்போது அதற்காகவே காத்திருக்கிறேன்.

அன்புத் தோழியரே! இன்று மாலை வீட்டிற்குப் போனதும் திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே இருக்கும் அந்த நூலை எடுங்கள். ஒரு பத்தி வாசியுங்கள். மெதுவாக வாசியுங்கள். பிறகு நூலை மூடும் முன், "நாளைக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்பு இயேசுவே, உம் வார்த்தையை வாசிக்கக் கண்ணும், கேட்கச் செவியும், செய்யத் துணிவும் எங்களுக்குத் தாரும். நாங்கள் தவறும்போது எங்களைத் திரும்பிப் பாரும். ஆமென்.

பத்தாம் வகுப்பு மாணவி